சிவப்பு இலைக்கு ஒரு கேரவன்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. பால்கனித் திரை நாலுக்கு ஓரம் அடிக்கக் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தது.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வஹீதுன்னிசாவின் தையல் கடை. காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட் மேற்குப் பார்த்தது. மூன்று மணி ஆனால் வெயில் நேராக உள்ளே வந்து என் கம்ப்யூட்டர்மேல் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் திரை. "குந்துங்க சார், அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துர்றேன்" என்றார். அந்த அரை மணி நேரத்தில், மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி, தானும் புருஷன் ஷவுகத் அலியும் ஒரு கேரவனை இழுத்துக்கொண்டு மலையேறிச் சிவப்பு இலை பார்க்கப் போன கதையைச் சொன்னார். நாலாவது திரை முடிந்தது. கதை முடியவில்லை. ஒரு பெண் ரவிக்கை வாங்க வந்துவிட்டாள்.

நான் திரைகளை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, அவற்றை மாட்டாமல், எழுத உட்கார்ந்தேன். ஒரு மாதமாகிறது. திரைகள் இன்னும் பையில்தான் இருக்கின்றன. என் மனைவி ஸ்வாதி இரண்டையும் பற்றித் தினமும் கேட்கிறாள்: திரை எப்போது ஏறும், கதை எப்போது இறங்கும்.

(ஒரு விஷயம். நேரில் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். கதைக்குள் போனதும் 'அவள்' என்று எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. 'அவர்' என்று எழுதினால் நான் கடைக்கு வெளியிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. 'அவள்' என்றால் வண்டியில் பின் சீட்டிலாவது ஏறிக்கொள்ளலாம்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"ஐப்பசி பிறந்தது. மரங்களெல்லாம் பொன்னும் செம்புமாக—"

எந்த ஊர் ஐப்பசி இது? அடித்துவிட்டேன். ஐப்பசியில் முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். மரம் பச்சை, வரப்பு பச்சை, பாசி பிடித்து வீட்டுச் சுவர்கூடப் பச்சை. ஆவடியில் பைக்கைத் தூக்கி மேட்டில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காக்காரர்களுக்கு இலை சிவக்கும் அதே வாரத்தில் நமக்குத் துணி காயாது. நம் மரங்கள் இலையைக் கொட்டுவது தை, மாசியில். அதையும் யாரும் வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போவதில்லை. எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் இருக்கும் பாதாம் மரம் தை பிறந்ததும் ரத்தச் சிவப்பாகத்தான் மாறுகிறது. வாட்ச்மேன் அதைத் திட்டிக்கொண்டே பெருக்குகிறார்.

இரண்டாவது தொடக்கம்:

"மிச்சிகனில் இருக்கும் மகள் இஃபத் அனுப்பிய வீடியோவில்—"

செல்போனில் தொடங்கும் கதையை நான் பாதியில் மூடிவிடுவேன். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது:

"லீஃப் பார்க்க, சார்" என்றார் ஷவுகத் அலி.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. இதிலிருந்தே போகலாம்.

3

"லீஃப் பார்க்க, சார்" என்றார் ஷவுகத் அலி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த விசா அதிகாரி, காதில் விழுந்தது சரிதானா என்று கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். எதற்காக அமெரிக்கா போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. மகளைப் பார்க்க என்று சொல்ல வேண்டும். ஒரு வாரமாக இஃபத் போனில் பாடம் எடுத்திருந்தாள். ஆனால் ஷவுகத் அலி லாரிக்கு பாடி கட்டுகிறவர். திருமழிசையில் சொந்தக் கொட்டகை. இரும்புத் தகட்டோடு பேசச் சொன்னால் பேசுவார், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்களோடு பேசிப் பழக்கமில்லை. நாக்கு உலர்ந்துபோய், மனசில் எது மேலாக மிதந்ததோ அதை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"ட்ரீ லீஃப், சார். ரெட் கலர்."

பக்கத்தில் நின்ற வஹீதுன்னிசா துப்பட்டா முனையைக் கைக்குள் கசக்கினாள்.

விசா வரவில்லை. அந்தப் பதிலால்தானா, வேறு காரணமா என்பது யாருக்கும் தெரியாது. பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினார்கள். போரூர் தாண்டியதும் ஷவுகத் அலி ஜன்னலைப் பார்த்தபடி, "நெஜத்தத்தான சொன்னேன்" என்றார். அவள் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டாள்.

கோபப்பட முடியவில்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் இலை அவளுடைய ஆசை. இஃபத் மிச்சிகன் போன முதல் அக்டோபரில் வீட்டு வாசலிலிருந்து ஒரு மரத்தை வீடியோ பிடித்து அனுப்பினாள். மரம் முழுக்கச் சிவப்பு. பட்டுப் புடவைக் கடையில் ஒரே சமயத்தில் நூறு புடவையை உதறிவிட்ட மாதிரி. தையல்காரிக்கு நிறம் என்றால் சும்மாவா? அன்றிலிருந்து வஹீதுன்னிசா அந்த மாதிரி வீடியோவாகத் தேடித் தேடிப் பார்த்தாள். அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவர் மனைவியும் அவளுக்கு ரொம்ப வேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள். வண்டிக்குப் பின்னால் சின்ன வீடு ஒன்றைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு, சிவப்பு மலை ஒவ்வொன்றாகப் போய், மடக்கு நாற்காலி போட்டுக் காபி குடிப்பார்கள். அந்தக் கிழவர் டிரெய்லரை எப்படி ரிவர்ஸ் எடுப்பது என்று சொல்லித்தரும்போது, இவள் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு கூடவே திருப்புவாள்.

"இன்னா வஹீதா, தட்டுக்கு லைசென்ஸ் வாங்கிட்டியா?" என்று ஷவுகத் அலி சிரிப்பார்.

அவள் சிரிக்க மாட்டாள். காரணத்தை ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன். [ஸ்வாதி: "இப்பவே சொல்லு. வாசகரைக் காக்க வைக்காதே." சரி, நாலாவதிலேயே சொல்கிறேன்.]

4

கேரவன் எப்படி வந்தது என்றால், அம்பத்தூரில் ஐ.டி. வேலை பார்க்கும் அபிஷேக் என்ற பையன் ஷவுகத் அலியிடம் ஆர்டர் கொடுத்தான். பன்னிரண்டடி நீளம், இரண்டு சக்கரம், உள்ளே கட்டில், அடுப்பு மேடை, இரண்டு ஜன்னல். முக்கால்வாசி முடிந்தபோது அவனுக்கு வெளிநாட்டு வேலை வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டான். வண்டி கொட்டகையில் நின்றது. வெள்ளைத் தகடு தூசியில் பழுப்பானது. கடைசியில் மாசி மாதம் ஒரு ஜூஸ் கடைக்காரர் வந்து பார்த்தார். பிடித்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் வருகிறேன், இந்தப் பக்கச் சுவரை அறுத்துக் கவுண்டர் வைத்துக் கொடுங்கள் என்றார். ஷவுகத் அலி வாக்குக் கொடுத்தார்.

அது வியாழக்கிழமை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"சனி, ஞாயிறு கீது. போலாமா?"

"எங்க?"

"இலை பாக்க."

வஹீதுன்னிசா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "கிண்டலா?"

"இன்னாத்துக்குக் கிண்டல்? துலுக்கானத்துக்கு போன் பண்ணேன். ஜவ்வாது மலையில இப்ப காடு செவந்துகினு கீதாம். நோன்புக்கு இன்னும் ரெண்டு வாரம். அப்பால உனக்கும் ரம்ஜான் தையல் வந்துரும், எனக்கும் வண்டி போயிரும். இப்ப வுட்டா எப்ப?"

துலுக்கானம் ஜமுனாமரத்தூர் பக்கத்தில் பலா, புளி வியாபாரம் செய்பவர். அவருடைய லாரிக்கு பாடி கட்டியது ஷவுகத் அலி.

வஹீதுன்னிசா அன்றே கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். ஆரஞ்சுப் பருத்தித் துணியில் கேரவன் ஜன்னலுக்குத் திரை, மெத்தைக்கு உறை, தலையணைக்கு உறை. ஒரு வாடிக்கையாளர் சட்டையை முடித்துக் கொடுக்கவில்லை. "ஊர்ல ஒரு விசேஷம்" என்று பொய் சொல்லி அனுப்பினாள். பொய் சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

இங்கே வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். ஷவுகத் அலி ரொம்ப நல்லவராக இருக்கிறார். ஸ்வாதியும் அதைத்தான் சொன்னாள்: "இப்படி ஒரு புருஷன் எந்தத் தெருவுல இருக்கான்?" உண்மையில் கடையில் அக்கா சொன்ன ஒரு விஷயத்தை நான் முதல் மூன்று வரைவிலும் மறைத்துவிட்டேன். மனிதர் எனக்குப் பிடித்துப்போனதால். இப்போது திருப்பி வைக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வஹீதுன்னிசா ஆவடியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். அன்றிலிருந்து கொட்டகையில் நிற்கும் பொலேரோவை அவள் ஓட்டலாம். எங்கே? காம்பவுண்டுக்குள். லாரி வந்தால் ஒதுக்கி நிறுத்தலாம், முன்னால் எடுக்கலாம், பின்னால் எடுக்கலாம். கேட்டைத் தாண்டக் கூடாது. கேட்கும்போதெல்லாம் "ரோடு சரியில்ல, அப்பால பாக்கலாம்" என்பார் ஷவுகத் அலி. நாலு வருஷத்தில் அந்த ரோட்டை இரண்டு தடவை புதிதாகப் போட்டுவிட்டார்கள்.

5

சனிக்கிழமை விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு கிளம்பிவிட்டார்கள். ஷவுகத் அலி ஸ்டியரிங்கில். பின்னால் வெள்ளைக் கேரவன், ஆரஞ்சுத் திரை ஆடிக்கொண்டு. ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் வஹீதுன்னிசா ஏழு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"வந்துகினுதான் கீது. ஓடியா பூடும்?" என்றார் அவர்.

"பாக்க ஷோக்கா கீதுங்க. அதான்."

ஆற்காட்டுக்கு முன்னால் நாஷ்டாவுக்கு நிறுத்தினார்கள். இட்லிக் கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ஒன்றே ஒன்றுதான். உள்ளே நடிகர் இருக்க வேண்டும்.

"ஷூட்டிங்கா அண்ணே? உள்ள யாரு?"

ஷவுகத் அலி வாயைத் திறப்பதற்குள் வஹீதுன்னிசா சொன்னாள்: "நான்தான்."

கூட்டம் அவளை மேலும் கீழும் பார்த்தது. அப்புறம் ஒரு காலேஜ் பெண் செல்போனை நீட்டி, "ஒரு செல்ஃபி ஆன்ட்டி" என்றாள். வஹீதுன்னிசா கேரவன் படியில் ஏறி நின்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். மொத்தம் பதினோரு செல்ஃபி. ஷவுகத் அலி பக்கத்தில் இட்லித் தட்டோடு நின்றார். அவரை எல்லோரும் டிரைவர் என்று நினைத்துவிட்டார்கள்.

(இந்தப் பதினோரு என்பது நான் போட்ட எண். அக்கா "நெறைய" என்றார். எண் இருந்தால் நம்புகிறீர்கள்.)

ஆரணி, போளூர். போளூர் தாண்டியதும் மலைப்பாதை. மேலே போகப் போக வெயிலின் வாசனை மாறியது. தேக்கு மரங்கள் இலையில்லாமல் நின்றன, சருகு ரோட்டோரம் முழங்கால் உயரத்துக்கு. சிவப்பு எங்கேயும் காணோம். "இன்னும் மேல கீதுன்னான்" என்றார் ஷவுகத் அலி. குரலில் கொஞ்சம் பயம். இந்த இலை விஷயத்தில் இன்னொரு தடவை தோற்க அவர் தயாராக இல்லை.

அப்போதுதான் வளைவில் பஸ் வந்தது.

* ரிவர்ஸ் பற்றி, தெரியாதவர்களுக்கு. வெறும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் வால் போகும். பின்னால் டிரெய்லர் மாட்டியிருந்தால் தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் ஓடும். கை ஒன்று சொல்லும், வண்டி ஒன்று செய்யும். அவ்வளவுதான்.

வளைவு குறுகல். பஸ்ஸுக்குப் பின்னால் கட்டை ஏற்றிய லாரி ஒட்டிக்கொண்டு நின்றது. அதனால் அவர்கள் பின்னால் போக வழியில்லை. நூறடி கீழே ரோடு அகலமாக இருந்த இடம் ஒன்றை இவர்கள் இப்போதுதான் தாண்டி வந்திருந்தார்கள். கேரவன்தான் இறங்க வேண்டும்.

ஷவுகத் அலி வாழ்நாளில் எத்தனையோ டிரெய்லர் செய்தவர். ஆனால் ஒன்றையும் ரிவர்ஸ் எடுத்ததில்லை. கொட்டகையில் கொக்கியைக் கழற்றிக் கையால் தள்ளிவிடுவார்கள். இங்கே சரிவு, தள்ள முடியாது. மலைச்சுவர்ப் பக்கம் வால் போகட்டும் என்று வலப்பக்கம் திருப்பினார். வால் இடப்பக்கம், பள்ளத்தின் பக்கம் போனது. பதறி இன்னும் வலப்பக்கம் திருப்பினார். கேரவன் மடங்கிக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அதன் இடது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளையடித்த கல் மட்டும்.

அவர் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். "ஒடி! ஒடி!" "லெஃப்ட்ல ஒடி!" "லெஃப்ட்ல பள்ளம்யா!"

இந்த இடத்தில் என் இரண்டாவது வரைவில் ஷவுகத் அலியே ஒரு பெருமூச்சு விட்டு, நிதானமாகி, வண்டியைச் சரியாக எடுத்து—

இல்லை. அப்படி நடக்கவில்லை. நடந்தது இது.

"ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு எறங்குங்க" என்றாள் வஹீதுன்னிசா.

அவர் அவளைப் பார்த்தார்.

"எறங்குங்கன்றேன் இல்ல? பின்னாடி போய் நின்னு சக்கரத்தப் பாருங்க. கல்லு கிட்ட வந்தா கத்துங்க."

அவர் இறங்கினார். கேட், ரோடு, அப்பால பாக்கலாம், எல்லாவற்றையும் சீட்டிலேயே விட்டுவிட்டார். பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவளை ஏறவிட்டார்.

அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடி இரண்டையும் திருப்பினாள். பிஸ்மில்லா சொன்னாள். முதலில் வண்டியை முன்னால், பஸ்ஸின் மூக்குவரைக்கும் கொண்டுபோய்க் கேரவனை நேராக்கினாள். பஸ் டிரைவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒற்றைக் கையால் பிடித்தாள். அந்தக் கிழவர் சொன்னது அதுதான். அடியில் பிடி, வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து, மெதுவாக.

முதல் தடவை சரியாக வரவில்லை. பத்தடி போனதும் வால் மலைச்சுவரை உரசப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அவள் மறுபடி முன்னால் போய் நேராக்கினாள். இரண்டாவது தடவை கையை அவ்வளவு நகர்த்தவில்லை. தையல் மெஷினில் வழுக்கும் துணியை ஊசிக்குக் கீழே விடுகிற மாதிரி, இழுக்காமல், தள்ளாமல், கூடவே போகிற மாதிரி.

"வா... வா... வா..." பின்னாலிருந்து ஷவுகத் அலியின் குரல். "கொஞ்சம் சொவத்துப் பக்கம்... ஆங்... வா... வா..."

கேரவன் ஒரு முழு வளைவைப் பின்னாலேயே இறங்கியது. அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றது. பஸ்ஸில் வந்தவர்கள் கைதட்டினார்கள். வஹீதுன்னிசாவுக்கு அதெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. அவளுக்குத் தன் நெஞ்சு அடிப்பதுதான் பெரிதாகக் கேட்டது. மெஷின் முழு வேகத்தில் ஓடுகிற மாதிரி. பயம்தானா என்று பார்த்தாள். பயம் இல்லை. இன்னொரு வளைவு வராதா என்று இருந்தது.

பஸ் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சூப்பர்க்கா!" என்றார்.

(இந்தப் பகுதியைப் போன வாரம் கடையில் படித்துக் காட்டினேன். அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். "தப்பா எழுதிகிறீங்க சார். அவரு அக்கான்னு சொல்லல." பின்னே? "'வர்றேன் டிரைவர்'னாரு. அவ்ளோதான். சொல்ட்டு ஹாரன் அடிச்சிட்டுப் பூட்டாரு." சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்தார். மூன்று தடவை தவறியது. நான் கற்பனை செய்தது எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத் தெரிந்தது. அடிக்காமல் இரண்டையும் விட்டுவைக்கிறேன்.)

ஷவுகத் அலி நடந்து வந்தார். வலது பக்கக் கதவருகே வந்தவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வண்டியைச் சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"போ" என்றார்.

6

மிச்சப் பாதை முழுக்க அவள் ஓட்டினாள்.

துலுக்கானம் தன் நிலத்து வாசலில் காத்திருந்தார். ஸ்டியரிங்கில் யார் என்று பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க பாய். வாங்கம்மா. வண்டி அந்தப் பலா மரத்தடியில நிக்கட்டும்." அவர் சொன்ன இடத்தில், அவள் ஒரே தடவையில், பின்னால் எடுத்தே நிறுத்தினாள். தேவையே இல்லை. நேராகவே நிறுத்தியிருக்கலாம்.

"எங்கண்ணே செவப்பு?"

"இப்டி வாங்க."

நிலத்தின் பின்பக்கம் ஒரு பாறைமேடு. ஏறியதும் எதிர்ச் சரிவு திறந்துகொண்டது. இங்கே நான் பதினாறு தடவை எழுதி அடித்திருக்கிறேன். தீப்பிடித்த மாதிரி, குங்குமம் கொட்டிய மாதிரி, எல்லாம் ஏற்கனவே யாரோ எழுதிவிட்டார்கள். அக்கா சொன்னதை அப்படியே வைக்கிறேன்: "சார், நான் முப்பது வருஷமா நூல்கண்டு வாங்குறேன். செவப்புல மட்டும் என்கிட்ட பத்தொம்பது நம்பர் கீது. அந்த எடத்துல கீற செவப்பு ஒண்ணுகூட என் டப்பாவுல இல்ல."

வெறும் குச்சியாக நின்ற காட்டுக்கு நடுவில் ஆங்காங்கே முழு மரம் முழு மரமாகச் சிவப்பு. வெயில் பின்னாலிருந்து அடித்ததில் ஒவ்வொரு இலையும் கண்ணாடி.

"ஏங்க!" என்று அவள் கத்தினாள். "ஏங்க, பாருங்க! ஏங்க!" ஷவுகத் அலி பக்கத்தில்தான் நின்றார். ஆனாலும் கத்தினாள். சரிவில் இறங்கி ஓடினாள். ஐம்பது வயதாகப் போகிறவள், சருகு வழுக்க வழுக்க, பக்கத்து மரத்தடிக்குப் போய்த் தரையில் தேடினாள். உதிர்ந்த சிவப்பு இலை ஒன்று எடுத்து இஃபத்துக்கு அனுப்ப வேண்டும்.

தரையில் ஒன்றுகூட இல்லை.

தாழ்ந்த கிளையிலிருந்து ஒன்றைக் கிள்ளினாள். குழந்தையின் காது மாதிரி மெத்தென்றிருந்தது.

"அது உதுர்ற எலை இல்லம்மா" என்றார் பின்னால் வந்த துலுக்கானம். "பூவ மரம். பழசெல்லாம் கொட்டிட்டு இப்பதான் துளுக்குது. கொழுந்து செவப்பா வரும். பத்து நாள் போச்சுன்னா பச்சையாயிடும்."

வஹீதுன்னிசா இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உதிரப் போகிற இலையைப் பார்க்க வந்தவள் அவள்.

(இது ரொம்ப அழகாக வந்துவிட்டது, அதனால் எனக்கே சந்தேகம். எழுத்தாளன் செய்த வேலை என்று நினைப்பீர்கள். இல்லை. பூவ மரம் அப்படித்தான் துளிர்க்கிறது. நான் செய்தது பேசாமல் இருந்தது மட்டும்தான்.)

பாறைமேல் மட்டும் சிக்னல் கிடைத்தது. மிச்சிகனில் அப்போது இன்னும் விடியவில்லை. இஃபத் போர்வைக்குள்ளிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"பாருடி! பாரு! இது எங்க தெரியுமா?"

"அம்மா... இது ஃபில்டர் போட்டதா?"

"ஃபில்டரா! உங்க அத்தாவக் கேளு!" போனைத் திருப்பினாள். ஷவுகத் அலி கையில் ஒரு கிளையோடு சிரித்தார்.

"இங்க எல்லாம் மொட்டையாக் கெடக்குதும்மா" என்றாள் இஃபத். "நாலு மாசமா வெள்ளையத் தவிர எதுவுமே பாக்கல. அப்படியே வெச்சிருங்க. நகராதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

அவள் பார்க்கட்டும் என்று இவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். மகள் அவ்வளவு ஆசையாகக் கேட்டு, இவர்கள் கொடுக்க முடிந்தது அவள் மிச்சிகன் போனதிலிருந்து அதுதான் முதல் தடவை.

சிக்னல் போனதும் பாறையில் உட்கார்ந்தார்கள். ஷவுகத் அலி கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் வேற மாதிரி சொல்லிருக்கணும்" என்றார். "அந்த ஆபீஸ்ல."

"இல்ல" என்றாள் வஹீதுன்னிசா. "நீங்க கரெக்டாத்தான் சொன்னீங்க. என் ஆசைய எனக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டீங்க. எனக்கு வெக்கமாப் போச்சு, அதான் பேசல."

அவர் கிளையைக் கீழே வைத்துவிட்டு, "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"எங்கிட்டதான் கீது" என்றாள் அவள்.

7

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்ப வேண்டும். திங்கள் காலை ஜூஸ் கடைக்காரர் வருவார். அறுப்பு மெஷின் கொட்டகையில் தயாராக இருக்கிறது. கிளம்பும்போது துலுக்கானம் பலாப்பழம் ஒன்றைத் தூக்கி வந்து உள்ளே வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"ஆலங்காயம் பக்கம் எறங்குனா ஒரு பள்ளத்தாக்கு கீது பாய். இதவிட மூணு பங்கு செவப்பு. ரெண்டு நாள் ஆவும். நோன்புக்கு அப்பால வந்தா இருக்காது."

நிலத்து மண்பாதை தார்ரோட்டில் போய்ச் சேரும் இடத்தில் வஹீதுன்னிசா வண்டியை நிறுத்தினாள். இடப்பக்கம் போளூர், திருமழிசை, கொடுத்த வாக்கு. வலப்பக்கம் ஆலங்காயம்.

"எந்தப் பக்கங்க?"

"ஸ்டியரிங் உங்கிட்ட கீது" என்றார் ஷவுகத் அலி.

ரவிக்கை வாங்கும் பெண் கடைக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

நான் இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் இடப்பக்கம் திரும்புகிறாள். சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள், சுவர் அறுபடுகிறது, திரைகளை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்கிறாள். ஷவுகத் அலி அடுத்த கேரவனுக்கு அளவு எடுக்கத் தொடங்குகிறார், இந்தத் தடவை ஆர்டர் யாருடையது என்று கேட்காமலேயே. இன்னொன்றில் வலப்பக்கம். அவர் போனை எடுத்து ஜூஸ் கடைக்காரரிடம், வாழ்நாளில் முதல் தடவையாக, இரண்டு நாள் தவணை கேட்கிறார். ஸ்வாதிக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. எனக்கு முதலாவதில் ஒரு வரி நன்றாக விழுந்திருக்கிறது, அதனால் விட மனமில்லை. ஒரு வரிக்காக ஒரு பெண்ணை இடப்பக்கம் திருப்புவது நியாயமா என்பதும் தெரியவில்லை.

அக்காவையே கேட்டிருக்கலாம். படித்துக் காட்டப் போன அன்று கேட்க வாயெடுத்தேன். "கடைசியில—" என்றேன். அவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, ஆவலோடு என்னைப் பார்த்தார். "ஆமா சார், கடைசியில இன்னா எழுதிகிறீங்க?" நடந்தது அவருக்குத் தெரியும். ஆனால் நான் என்ன எழுதுவேன் என்பது தெரியாது. அந்த ஆவலைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னும் எழுதலக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் வண்டி இன்னும் அங்கேயே நிற்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுடைய வலது கை ஸ்டியரிங்கில், இடது கை கியரில். அவள் முகத்தைப் பார்த்தால், எந்தப் பக்கம் என்றாலும் கிளம்பத் தயார் என்றுதான் இருக்கிறது. நான் பின் சீட்டிலிருந்து இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் ஏறுங்கள். கதவு கொஞ்சம் இறுக்கம், ஓங்கிச் சாத்தினால்தான் மூடும்.

சீக்கிரம். பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது.